குளியலறை மின்விசிறியும் உயிர்ப் பாதுகாப்பும்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பதுளை, பசறை, லுணுகலை தோட்டப்புறங்களில் குளியலறைச் சுவர்கள் எளிதில் காய்வதில்லை. ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி அங்கு பயனுள்ளதே. ஆயினும், பழுதடைந்த விசிறியை மாற்றுவோர் அதன் ஆளியை மட்டும் நிறுத்திவிட்டுக் கைவைக்கலாகாது. ஆளி தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பின், விசிறி நின்ற பின்னரும் 230 வோல்ட் மின்னழுத்தம் அதில் இருக்கும். எனவே, பிரதான ஆளியை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பின்னரே கம்பிகளைக் கழற்ற வேண்டும்.

உலோக உடலுடைய விசிறிக்கு எர்த் இணைப்பு இன்றியமையாதது. 30 மில்லிஅம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லயன் வீடுகளில் முதலில் பொருத்த வேண்டியது விசிறியன்று, அந்த ட்ரிப் சுவிட்சே. ஈரம் சுவரைக் கெடுக்கும். மின்கசிவோ உயிரையே பறிக்கும். தேர்ச்சி பெற்ற மின்னியலாளரிடம் இவ்வேலையை ஒப்படைப்பதே அறிவுடைமையாகும்.