அப்பப்பாவின் துவக்கு சொத்தாகுமா?

பழைய வீட்டைத் திருத்தும்போது கூரை வளையில் செருகிக் கிடந்த இரட்டைக்குழல் துவக்கு ஒன்று கிடைக்கிறது. உப்புக்காற்றில் குழல் பொருக்குத் தட்டி, பிடியைக் கறையான் தின்றிருக்கிறது. விடுமுறைக்கு வந்த உறவினர் "இதுக்கு வெளியில நல்ல விலை, எறிஞ்சு போடாதேங்கோ" என்கிறார். ஆபத்து அந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது.

வெளிநாட்டில் பழந்துவக்குகளுக்கு விலை உண்டு என்பது உண்மை. அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட்டைச் சுட்ட பாட் காரெட்டின் கைத்துப்பாக்கி 2021இல் அமெரிக்க ஏலத்தில் 60 லட்சம் டொலருக்கு மேல் போனது. அது யாருடையது என்பதற்கு ஆவணம் இருந்தது. முன்பின் தெரியாதவருக்கு அதைப் பகிரங்கமாக விற்கச் சட்டமும் இடம் கொடுத்தது. அந்த இடத்தைச் சட்டம் மூடிவிட்டால்? கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கிகளை விற்கவும் வாங்கவும் தடை. சேர்த்து வைத்தவர்களின் அலுமாரியில் துப்பாக்கி அப்படியே இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அதைப் பணமாக்கும் வழிதான் இல்லை.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அது ஆளின் பெயருக்குரியது. அப்பப்பாவின் பெயரில் இருந்த பழைய பத்திரம் பேரனுக்கு உதவாது. அவர் இறந்த பிறகு கச்சேரிக்கு அறிவிக்காமல் துவக்கை வைத்திருந்தால், அது அனுமதியில்லாத சுடுகலன். நகையென்றால் அவசரத்துக்கு வங்கியில் அடைவு வைக்கலாம். இதை எந்த வங்கி ஏற்கும்? அனுமதி உள்ளவருக்கும் நிம்மதி நிரந்தரமில்லை. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகக் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது.

"இயக்கத்துச் சாமான் என்றால் விலை கூட" என்ற கதையும் ஊரில் உலாவுகிறது. 1987 ஓகஸ்ட் 5இல் பலாலியில் விடுதலைப் புலிகளின் ஆயுதக் கையளிப்பு நடந்தது. அதற்குப் பிறகும் 22 ஆண்டுகள் யுத்தம் நீண்டது. வளவுகளிலும் கிணறுகளிலும் எஞ்சியவை இன்னும் அகப்படுகின்றன. அவற்றை வாங்க இரகசியமாக வருபவர் ஒன்றில் பாதாளக் குழுக்காரர், இல்லையேல் பொலிஸ் அனுப்பிய ஆள். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின்படி ரி-56 போன்ற தானியங்கித் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. பயங்கரவாதத் தடைச்சட்டமும் பாயலாம். 2022 திருத்தத்திற்குப் பிறகும் அதன் கீழான தடுப்புக்காவல் ஓராண்டு வரை நீளலாம்.

ஒல்லாந்தர் காலத்துப் பொருள் கிடைத்தாலோ? 1815 மார்ச் 2க்கு முற்பட்டது தொல்பொருள். மண்ணிலிருந்து கிடைப்பது அரசுக்குரியது. அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம். 1765இல் கண்டியில் கொள்ளைபோன பீரங்கியையும் இரண்டு துவக்குகளையும் வேறு சில பொருட்களுடன் நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. அவை கொழும்பு அருங்காட்சியகத்துக்குத்தான் போயின.

ஆயுதம் அகப்பட்டால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கிணறு இறைக்கும்போது கைக்குண்டோ ஷெல்லோ தெரிந்தால் வேலையை நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 119க்குச் சொல்லுங்கள். நீதிமன்ற அனுமதி பெற்று அதை அழிப்பது குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவின் வேலை. தனியே பொலிஸுக்குப் போகப் பயமென்றால் கிராம அலுவலரையோ சட்டத்தரணியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பயம் இங்கே காரணமில்லாமல் வந்ததல்ல.

கைதானால் காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தருகிறது. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும். உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது தெரியாமல் நாள் தவறவிட்டவர்கள் உண்டு. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்கத் துவக்கு உண்மையிலேயே தேவையென்றால் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். தேவையில்லையென்றால் அங்கே அல்லது பொலிஸில் விசாரித்து முறைப்படி ஒப்படையுங்கள். இலக்கம் குறித்த பற்றுச்சீட்டை வாங்கி, அப்பப்பாவின் பழைய பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். "அந்தத் துவக்கு எங்கே" என்று ஒருநாள் யாராவது பதிவேட்டைப் பார்த்துக் கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும்.