முகத்துக் கரும்படையும் பெயரில்லாத டப்பாவும்



கடையில் ஒரு பிஸ்கட் பக்கற்றை எடுத்தால் அதைத் திருப்பிப் பார்க்கிறோம். ஹலாலா, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் முகத்தில் தினமும் பூசும் கிறீமைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

என் சகோதரியின் மகளுக்கு இரண்டாவது பிரசவத்தின் பின் கன்னங்களில் கரும்படை விழுந்தது. பக்கத்து வீட்டார் ஒரு கிறீமைச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தவன் நானே. சிறிய டப்பா, செய்தவர் பெயருமில்லை, உள்ளடக்கமுமில்லை. இரு வாரத்தில் முகம் வெளுத்தது, வீடே மகிழ்ந்தது. மூன்று மாதத்தின் பின் நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது, பருக்கள் கிளம்பின, படை முன்னிலும் கறுத்தது. "இதில் என்ன இருக்கிறது?" என்று தோல் வைத்தியர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவள் மடியிலோ பால்குடிக் குழந்தை. அன்று பட்ட வெட்கமே இதை எழுத வைக்கிறது.

இரு வாரத்தில் வெளுக்க வைக்கும் பூச்சுகளில் பெரும்பாலும் ஒளிந்திருப்பவை மூன்று.

ஒன்று, பாதரசம். தோலின் நிறப்பொருள் உருவாவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். துவாய், தலையணை, கை வழியாகப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்கவும் வழி செய்தது. பெட்டியில் 'கலோமெல்', 'மேர்க்குரி' என்றிருந்தால் தொடவே வேண்டாம்.

இரண்டு, குளோபெட்டசோல், பீற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள். வைத்தியர் அளந்து கொடுத்தால் மருந்து. அழகுக்காக நெடுநாள் பூசினால் தோல் மெலியும், நிறுத்தியதும் சீறும்.

மூன்று, ஹைட்ரோகுவினோன். வைத்தியரின் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குப் பயன்படும். நெடுநாள் பூசினால் நீலக் கறுப்பாக நிலைத்துவிடலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? முதலாவது செலவு வெயிலைத் தடுப்பதற்கே. வெயில் படும்வரை எந்தக் கிறீமும் முழுப் பலன் தராது. குடை பிடியுங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிறீனைக் காலையில் தாராளமாகப் பூசுங்கள். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். அடுத்து, நியசினமைட் அல்லது அசெலெயிக் அமிலம் உள்ள ஒரு பூச்சு. வெளிநாட்டுப் பெயரோ அலங்காரச் சாடியோ தேவையில்லை. உள்ளடக்கம், செய்தவர் முகவரி, காலாவதித் திகதி மூன்றும் இருக்கட்டும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சில நாள் பாருங்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரமாகும்; பொறுமை வேண்டும். தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்து வெயிலில் போகாதீர்கள். தோல் பொசுங்கிப் புதிய கறுப்பு விழும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். குறிப்பாக ரெட்டினோயிட் வகை கர்ப்பகாலத்தில் கூடாது. கர்ப்பத்தில் வந்த படை பிரசவத்தின் பின் பலருக்குத் தானே மங்கும். அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்கில் இலவசமாகக் காட்டலாம். புள்ளி ஒன்று வளர்ந்தாலோ, உருமாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ தாமதிக்காதீர்கள்.

வுழூவைப் பற்றியும் கேட்பீர்கள். தோலில் ஊறிவிட்ட கிறீம் தடையல்ல. தண்ணீர் தோலைத் தொடாதபடி படலமாக நிற்பதைக் கழுவி அகற்றியே வுழூச் செய்ய வேண்டும். தண்ணீருக்கு அழியாத சன்ஸ்கிறீன் வாங்குவோர் இதைக் கவனியுங்கள்.

இன்னொரு சொல், தாய்மாருக்கு. பெண் பார்க்கப் போகும் இடத்தில் "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தைதான் அந்தப் பிள்ளையைப் பெயரில்லாத டப்பாவிடம் அனுப்புகிறது. அந்த வார்த்தைக்கு நாமும் பொறுப்பாளிகள்.

என் மருமகளின் முகத்துச் சிவப்பு ஆறப் பல மாதங்கள் சென்றன. படை இன்னும் சிறிது இருக்கிறது. "இருந்துவிட்டுப் போகட்டும் மாமா, பிள்ளை சுகமாக இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ்" என்கிறாள்.

இன்று உங்கள் அலுமாரியைத் திறந்து, அங்குள்ள டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.