பந்திக்கு மடக்கு மேசை வாங்குகிறீர்களா?

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டமானாலும் தாமானானாலும், கல்யாணம், சடங்கு, கருமாதி என்றால் பந்தி உண்டு. அதற்கு மடக்கு மேசை வாங்குமுன் சற்றுக் கவனியுங்கள்.

6 அடி நீளம், 2½ அடி அகல மேசையில் பக்கத்துக்கு மூவராக ஆறு பேர் இலை போட்டு உட்காரலாம். ஒரே பந்தியில் 100 பேர் என்றால் 17 மேசை வேண்டும்.

ஒட்டுப்பலகை மேசை கனம். மழையில் நனைந்தால் உப்பிவிடும். பிளாஸ்டிக் மேசை இலேசு, ஈரம் பாதிக்காது. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை அதன்மேல் நேராக வைக்கக் கூடாது.

கடையிலேயே விரித்து, ஓரத்தை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். கால் பூட்டு சரியாக விழாவிட்டால் மேசை மடங்கும். சூடான சாம்பார் பிள்ளைகள்மேல் கொட்டும். விலை குறைவென்று பூட்டில் ஏமாறாதீர்கள். நாலு வீடு சேர்ந்து நல்லதாக வாங்குங்கள். எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் உதவும்!