உஷார்! வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள்

"ஊசியை எப்போ மாத்துவீங்க?" என்று இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருச்சி தில்லைநகர் கிளினிக் வாசலில் கேட்டாலும், ஸ்ரீரங்கம் உத்தர வீதித் திண்ணையில் கேட்டாலும், சர்வசாதாரணமாகக் கிடைக்கும் பதில் இதுதான்: "வலிக்க ஆரம்பிச்சா மாத்திடுவேன்."

தயவுசெய்து இந்தக் கணக்கை இன்றோடு விடுங்கள். வலி வருவதற்கு வெகுமுன்பே கெடுதல் தொடங்கிவிடுகிறது. சில இடங்களில் வலி வரவே வராது. ஆபத்து அதிகம் இருப்பதும் அங்கேதான்.

இப்போது இன்சுலின் பென்னில் பரவலாக மாட்டுகிற ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர். மெல்லிய வகைகளில் அதன் குறுக்களவு கால் மில்லிமீட்டர்கூட இல்லை. வலி தெரியாமல் தோலுக்குள் வழுக்கிக்கொண்டு போவதற்காக மேலே சிலிகோன் பூச்சு போட்டிருக்கிறார்கள். ஒருமுறை குத்தி எடுத்ததுமே அந்தப் பூச்சு உரியத் தொடங்கும். முனை மழுங்கும், சில சமயம் கொக்கிபோல வளையும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வைக்கிறோமே என்பார்கள். துடைத்தால் மிச்சமிருக்கிற பூச்சும் போய்விடும். ஊசியைக் கொதிக்க வைப்பது கண்ணாடி சிரிஞ்சு காலத்துப் பழக்கம். அந்தச் சிரிஞ்சும் ஊசியும் கொதிக்க வைப்பதற்காகவே செய்யப்பட்டவை. இன்றைய ஊசி ஒரு தடவைக்கு மட்டும் செய்யப்பட்டது.

மழுங்கிய முனையால் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் என்ன ஆகும்? தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகும். தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் குத்தினால் வலிக்காது. வலிக்காததால் நம் ஆட்கள் அதே இடத்தைத் தேடிப்போய்க் குத்துவார்கள். உள்ளே போன இன்சுலின் அங்கேயே தேங்கி, ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் திடீரென்றும் ரத்தத்தில் கலக்கும். "சாப்பாட்டை எவ்வளவோ குறைச்சுட்டேன் டாக்டர், ஆனாலும் சுகர் ஏறி இறங்கிட்டே இருக்கு" என்கிற புலம்பலுக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இந்தக் கட்டிதான்.

ஸ்பெயினில் 430 பேரை வைத்து நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்களுக்கு இந்தக் கட்டி இருந்தது. கட்டி உள்ளவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் புரியாமல் சர்க்கரை தாழ்ந்துபோனது. இல்லாதவர்களில் அது 6 சதவீதம்தான். ஒரே ஊசியை ஐந்து தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கட்டி வருகிற ஆபத்து குறிப்பாக அதிகம். கட்டி உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 56 யூனிட் இன்சுலின் தேவைப்பட்டது, மற்றவர்களுக்கு 41. பதினைந்து யூனிட் வித்தியாசத்தை மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். 450 யூனிட். நம் ஊரில் கிடைக்கும் 40 யூனிட் வலுவுள்ள 10 மில்லி பாட்டிலில் இருப்பதே 400 யூனிட்தான். ஊசியில் மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது, பாருங்கள்.

இன்றைக்கே வயிற்றைச் சோதித்துப் பாருங்கள். விரலில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு தொப்புளைச் சுற்றியும் தொடையிலும் அழுத்தித் தடவினால் கட்டி தட்டுப்படும். இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். ஆனால் கவனம், இதைத் தன்னிச்சையாகச் செய்யாதீர்கள். நல்ல தோலில் இன்சுலின் முழுவீச்சில் வேலை செய்யும்; பழைய அளவையே போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டு, அடிக்கடி சோதித்தபடிதான் இடத்தை மாற்ற வேண்டும். ஏகாதசி விரதம் தவறாமல் இருக்கிறவர்களுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70க்குக் கீழே போனால் விரதம் பார்க்காதீர்கள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள்.

ஊசியைப் பென்னிலேயே மாட்டி வைப்பதும் கூடாது. மருந்து கசியும், காற்று உள்ளே ஏறும், பொத்தானை அழுத்தினாலும் முழு அளவு இறங்காது. போட்டவுடன் கழற்றிவிடுங்கள்.

இதுவரை சொன்னது அவரவர் ஊசியை அவரவரே மறுபடி போட்டுக்கொள்வது பற்றி. இதைவிடப் பயங்கரமானது பகிர்ந்துகொள்வது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. கணவன், மனைவி இருவருக்கும் சுகர் இருக்கிற வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை! "ஒரே மருந்துதானே, ஊசியை மட்டும் மாத்திக்கறோம்" என்று பென்னைப் பொதுவாக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. குத்தும்போது ரத்தம் மருந்துக் குழாய்க்குள்ளேயே ஏறக்கூடும். 2009இல் அமெரிக்காவின் எல் பாசோவில் ஒரு ராணுவ மருத்துவமனை இதே தவற்றைச் செய்தது தெரியவந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. ஒரு பென் ஒருவருக்கு மட்டும்தான், கணவன் மனைவியானாலும்!

விரலில் குத்துகிற லான்செட்டும் அப்படித்தான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியே போதும். 2010இல் வட கரோலைனாவில் ஒரு முதியோர் இல்லத்தில் விரல் குத்தும் கருவியைப் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்தினார்கள். எட்டுப் பேருக்கு இந்த வைரஸ் தொற்றி, ஆறு பேர் இறந்தார்கள். அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டுதான் குஜராத்தின் மோடாசா பகுதியில், பயன்படுத்திய சிரிஞ்சுகளையே மறுபடி குத்தியதால் ஹெபடைட்டிஸ் பி பரவி, டஜன் கணக்கில் மனிதர்கள் மாண்டார்கள். ஆகவே காலை நடைப்பயிற்சியின்போது இலவச சுகர் டெஸ்ட் என்று யார் விரலைப் பிடித்தாலும், புது லான்செட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பேனா ஒன்றை வைத்து வரிசையாக எல்லோருக்கும் குத்தினால், முனையை மட்டும் மாற்றினாலும் சரி, கையை இழுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது? குப்பைக் கவரில் என்றால், அடுத்த குத்து தூய்மைப் பணியாளரின் கையில். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வெறுங்காலோடு வலம் வருகிறவர்கள் எவ்வளவு பேர்! அவர்களில் சர்க்கரையால் காலில் உணர்ச்சி இழந்தவர்களுக்கு ஊசி ஏறினாலும் தெரியாது. வீட்டு ஊசியும் சிரிஞ்சும் அபாயகரக் கழிவு, தனியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. காலி பினாயில் பாட்டில் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முக்கால் பாகம் நிறைந்ததும் இறுக மூடி, "ஊசி" என்று எழுதி, சொல்லியே ஒப்படையுங்கள். யாருக்காவது குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

காசுதான் கஷ்டம் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். ஊசிக்கு என்ன வழி என்று அங்கேயே வாய்விட்டுக் கேளுங்கள். லான்செட்டைப் பொறுத்தவரை சாக்குச் சொல்லவே முடியாது, ஒன்றின் விலை ஒரு டீயைவிடக் குறைவு.

பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகளே, அம்மாவும் அப்பாவும் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார்களா? இன்று போன் பேசும்போது "சுகர் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஊசியை எத்தனை தடவை போடறேள்? ரெண்டு பேருக்கும் தனித்தனி பென் இருக்கா?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் இருவருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு பெட்டி ஊசி ஆர்டர் போட்டுவிட்டுப் போனை வையுங்கள்.