கண்மாய்க்குத் தண்ணீர் வர யாரைக் கேட்பது?



எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பத்தா மட்டும் 1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, வயல் வேலை முடிந்து வந்து இரவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது. அந்த அப்பத்தா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்து ஊர்க் கண்மாய் கலிங்கு தாண்டிப் போகும். எங்கள் கண்மாயில் மட்டும் முழங்கால் தண்ணீர்தான். "ஏத்தா, பாலம் ரோடுன்னு என்னமோ படிக்கிறியே, நம்ம கண்மாய்க்குத் தண்ணி ஏன் வரமாட்டேங்குதுன்னு சொல்லு பாப்போம்" என்றது.

அளந்து பார்த்தோம்

ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, டம்பி லெவலும் ஸ்டாஃபும் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழிகள் இருவருடன் வரத்து வாரியில் இறங்கினேன். விஷயம் புரிந்துவிட்டது. வாரியைக் குறுக்கிட்டுப் போகும் சாலைக்கு அடியில் பதித்த குழாயின் அடிமட்டம், வாரியின் தரையைவிட ஒன்றரை அடி உயரம்! மழைத்தண்ணீர் சாலை ஓரத்திலேயே தேங்கி, வேறு பக்கம் ஓடிவிடுகிறது. கண்மாயை எத்தனை தடவை தூர்வாரினாலும் என்ன பயன்?

சரி, இதை யாரிடம் சொல்வது? இங்கேதான் தலை சுற்றியது.

ஒரு வாரி, மூன்று அலுவலகம்

நம் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் கண்மாய், குளங்கள் உண்டு. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அந்தக் கண்மாய் நீர்வளத் துறையைச் சேரும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். வாரியின் எல்லையும் ஆக்கிரமிப்பும் வருவாய்த் துறை பார்க்க வேண்டியது. சாலை இன்னொரு அலுவலகம். தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியுமா? அது பள்ளத்தைப் பார்த்து ஓடும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம், சிறு பாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு, குடிநீர், நலிந்த பிரிவினர் நலன் என 29 இனங்களை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்டது. அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள், 13 ஒன்றியங்கள், அதற்கு மேலே மாவட்ட ஊராட்சி. ஊராட்சிகளும் நகரமும் போடும் திட்டங்களை ஒன்றாக்க, 74வது திருத்தத்தின்படி மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று உண்டு. தண்ணீரைப் பங்கிடுவதையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் அந்தக் குழு கணக்கில் எடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது!

அப்பத்தா போடாத கையெழுத்து

இத்தனை படிக்கும் அடிப்படி கிராம சபை. அதற்கு உறுப்பினர் யார் தெரியுமா? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும். பதினெட்டு வயதானதும் நான் பேர் சேர்த்தேன். 2025 ஆகஸ்ட் 15 அன்று முதல் தடவையாகப் போனேன். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருந்த சமயம் அது.

ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் என்றால் 300 பேர் வரவேண்டும் என்பது விதி. அதனால் முதலில் கையெழுத்து நோட்டுதான் சுற்றிவந்தது. எல்லாரும் மளமளவென்று போட்டார்கள். அப்பத்தா மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுத்தா, அப்புறம் போடுறேன்" என்றது.

மேலே ஒன்றுமே எழுதவில்லை. வெறும் தாள்.

எனக்குக் கை நடுங்கியது. இருந்தாலும் எழுந்து, குழாயின் மட்டத்தை எடுத்துச் சொல்லி, நாங்கள் வரைந்த படத்தைக் கொடுத்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் வயதான விவசாயி ஒருவர், "புள்ள சொல்றது சரிதான். ரோடு போட்டதுலேர்ந்துதான் தண்ணி வரல" என்றார். தீர்மானம் எழுதப்பட்டது. அப்பத்தா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டது.

தீர்மானத்தால் என்ன ஆகும்?

உடனே குழாய் இறங்கிவிடவில்லை. சாலைக்குரிய அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை பதில் இல்லை. கிராம சபை அடுத்த துறையின் சாலையைத் தானே தோண்ட முடியாது. அதுதான் அதன் எல்லை.

ஆனால் அதன் பலத்தையும் நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் திரண்டது. சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது, நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களும் அதில் இடம்பெற்றன.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது, விழுந்த மரத்தை அறுத்து வழி திறந்ததும் ஊர்ப் பையன்கள்தான். மறு வருஷம் கொத்தமங்கலம் பக்கம் இளைஞர்கள் காசு போட்டுக் குளம் தூர்வாரினார்கள். உதவி மேலேயிருந்து மட்டும் வருவதல்ல.

நண்பர்களே! மட்டம் பார்க்க நமக்குத் தெரியும். மதிப்பீடு போடத் தெரியும். பதினெட்டு முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை கிராம சபைக்கென்று நெடுநாளாக உள்ள நாட்கள். லீவு நாள்தானே என்று படுத்துவிடாமல், உங்கள் ஊர் வாரியை ஒருநாள் அளந்து, படத்தோடு போங்கள். நோட்டு சுற்றிவரும்போது மட்டும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

– இரண்டாம் ஆண்டு மாணவி, அமைப்பியல் துறை