16 நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

2013 நவம்பர் 9, சனிக்கிழமை. ஒரு கல்யாண வேலையாகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு என்னோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் உலக சதுரங்க சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். மூன்று மணிக்குத் தொடக்கம். வெள்ளைக் காயில் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன், வயது 22. கறுப்பில் நம் விஸ்வநாதன் ஆனந்த், வயது 43, 2007 முதல் உலக சாம்பியன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. 16 நகர்த்தலோடு இருவரும் கை குலுக்கிக்கொண்டு எழுந்தார்கள். டிரா.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ்ளோதானா? இதுக்கா ஒரு மாசமா பேப்பர் பூரா எழுதினாங்க?"

சித்தப்பாவுக்குச் செஸ் தெரியும், காய் எப்படி நகரும் என்ற அளவில். அவருடைய ஆட்டம் கபடி. இளவயதில் காவிரிக் கரை ஊர்களில் பொங்கல் போட்டிகளுக்குப் போய் ஆடியவர். அவர் கேட்டது கோபமான கேள்வி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்படிக் கேட்கிறவருக்கு "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்வது பெரிய தப்பு. வாங்க சித்தப்பா என்று தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் கணக்கைச் சொன்னேன். மொத்தம் 12 ஆட்டம். ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு அரை. யார் முதலில் ஆறரைப் புள்ளி எடுக்கிறாரோ அவர்தான் சாம்பியன். ஆகவே இன்றைக்கு நடந்தது பன்னிரண்டில் ஒரு பங்கு. டெஸ்ட் மேட்சில் முதல் நாள் தேநீர் இடைவேளைக்கு ஸ்கோர் பார்த்துவிட்டு "யார் ஜெயிச்சா?" என்று கேட்பது மாதிரிதான்.

"சரி, ஆனா டெஸ்ட்ல தேநீர் இடைவேளை வரைக்குமாவது ஆடுவாங்களே."

நியாயமான கேள்வி. அதற்கு வெள்ளை, கறுப்பு என்றால் என்ன என்று முதலில் பேச வேண்டும். செஸ்ஸில் வெள்ளைக் காய் வைத்திருப்பவர் முதலில் நகர்த்துவார். அந்த ஒரு நகர்த்தல் முன்னிலை பார்க்கச் சின்னதுதான், மேல்மட்டத்தில் அது கனமான சொத்து. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நூறு புள்ளியில் ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து வெள்ளைப் பக்கம்தான் விழும். வாலிபாலில் சர்வீஸ் கையில் இருப்பது போல என்று முதலில் சொன்னேன். உடனே மாற்றிக்கொண்டேன், வாலிபாலில் சர்வீஸ் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அந்த ஆட்டம் முடியும்வரை முன்னிலை ஒருவருடையது. அடுத்த நாள்தான் மற்றவருக்கு வெள்ளை வரும்.

அப்புறம் ரேட்டிங். அந்த மாதம் கார்ல்சனுக்கு 2870, ஆனந்துக்கு 2775. இடையே 95 புள்ளி. ரேட்டிங் கணக்கின்படி இந்த இடைவெளியில் பத்து ஆட்டம் ஆடினால் மேலே இருப்பவர் ஆறு புள்ளிக்குக் கொஞ்சம் அதிகமாக எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு நிறத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அவருக்கு வெள்ளையும் சேர்ந்துகொண்டது. அப்படிப்பட்டவரை, கறுப்புக் காயோடு, 16 நகர்த்தலில், வியர்க்காமல் அரைப் புள்ளியோடு நிறுத்தியிருக்கிறார் ஆனந்த். "இது வெறும் டிரா இல்ல சித்தப்பா. வெள்ளையை வீணாக்கி அனுப்பியிருக்கார்."

"அவரா அனுப்பினார்? அந்தப் பையனே ஒத்துக்கிட்டு எழுந்தானே."

இங்கேதான் பெஞ்சின் மேல் பலகை வரைய வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் ஒரு துண்டு சாக்பீஸ் வாங்கிப் பலகையின் ஒரு மூலையை மட்டும் கோடு போட்டேன். டீ கிளாஸ் வெள்ளை ராணி. இரண்டு பட்டர் பிஸ்கட் கறுப்புக் குதிரைகள். ஒரு உப்பு பிஸ்கட் வெள்ளைக் குதிரை. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

ஆட்டம் சாதுவாகத்தான் ஆரம்பித்தது. கார்ல்சன் முதல் நகர்த்தலில் ராஜா பக்கத்துக் குதிரையை எடுத்தார், அடுத்து மந்திரியை மூலைவிட்டத்தில் வைக்க வழி செய்தார். ஆனந்தும் அதே மாதிரி மந்திரியை மூலைவிட்டத்தில் நிறுத்தினார். கார்ல்சனின் வழக்கமே இதுதான்: ஆரம்பத்தில் மனப்பாடப் போட்டிக்கு இழுக்காமல், ஒரு ஆடத்தக்க நிலையைப் பிடித்துவிட்டு, பிறகு ஐந்து மணி நேரம் ஆளை உட்காரவைத்துக் கறப்பது. ஆனந்தோ ஆரம்பத் தயாரிப்பில் உலகத்திலேயே ஆழமாக வேலை செய்தவர்களில் ஒருவர். அந்தத் தயாரிப்பு எதிரே வராத பாதையில்தான் கார்ல்சன் நடந்தார்.

பதினோராவது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று சி5க்கு முன்னேறி, பி6இல் நின்ற கறுப்புக் குதிரையை விரட்டியது. விரட்டப்பட்ட குதிரை பின்வாங்கவில்லை. முன்னால் பாய்ந்து சி4இல் உட்கார்ந்து, பி2இல் இருந்த வெள்ளை மந்திரியைக் குறிவைத்தது. மந்திரி எங்கே போனது தெரியுமா? சி1க்கு. ஆட்டம் தொடங்கும்போது எந்த வீட்டில் இருந்ததோ, அதே வீட்டுக்கு.

சித்தப்பா பிஸ்கட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "போன ஆள் வீட்டுக்கே திரும்பிட்டானா? அப்ப ரெண்டு நகர்த்தல் தண்டமாச்சே."

அதேதான். ஒரு பாடம் அவருக்குள் இறங்கிவிட்டது. வெள்ளையின் முன்னிலை ஒரு நகர்த்தல் என்றால், இங்கே இரண்டு நகர்த்தல் காற்றில் போய்விட்டது. அடுத்ததாக ஆனந்தின் இன்னொரு குதிரை டி5க்கு வந்து, சி3இல் நின்ற வெள்ளைக் குதிரையை முறைத்தது. அந்தக் குதிரைக்குக் காவல் இல்லை. ராணி பி3க்கு வந்தாள்: சி4 குதிரையைத் தாக்கவும் சி3 குதிரையைக் காக்கவும், ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை. நல்ல நகர்த்தல்தான். ஆனந்தின் குதிரை ஏ5க்குப் போய் ராணியையே தாக்கியது. ராணி ஏ3க்கு நகர்ந்தாள். மூன்றாம் வரிசையிலேயே நின்றதால் சி3க்குக் காவல் தொடர்ந்தது. குதிரை மறுபடி சி4க்கு வந்து அங்கேயும் ராணியைத் தாக்கியது. ராணி பி3. குதிரை ஏ5. ராணி ஏ3. குதிரை சி4.

டீ கிளாஸையும் பட்டர் பிஸ்கட்டையும் இப்படி மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். கிளாஸ் ஒரு கட்டம் இந்தப் பக்கம், ஒரு கட்டம் அந்தப் பக்கம். பிஸ்கட் எதிரே குதித்துக்கொண்டே இருக்கும். செஸ்ஸில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்பது விதி. இன்னும் ஒரு தடவை ராணி பி3க்குப் போனால் மூன்றாம் முறை. அதற்கு முன்னால் இருவரும் முடித்துக்கொண்டார்கள்.

"ராணியை வேற பக்கம் கொண்டுபோயிருக்கலாமே?"

கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ராணி சி3 காவலை விட்டால் டி5 குதிரை சி3 குதிரையை வெட்டும், அங்கிருந்து வெட்டு, எதிர்வெட்டு என்று வேறு கணக்கு தொடங்கும். அதில் வெள்ளைக்கு என்று தனிச் சாதகம் எதுவும் மிஞ்சாது. பெரிய மேட்சின் முதல் நாள், எதிரே சாம்பியன், அவர் சொந்த ஊர். தெரியாத குழியில் கால் வைப்பதற்குப் பதில் கார்ல்சன் அரைப் புள்ளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் செய்தது கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் சொன்னதுதான் அன்றைக்கு நான் கேட்ட நல்ல விளக்கம். "கபடில மொத பாட்டு யாரையும் தொடறதுக்கில்லடா. பாடிட்டே போய்க் கோட்டத் தொட்டுட்டுத் திரும்பிடுவோம். எந்த மூலைல எவன் நிக்கிறான், எவனுக்குக் கை துறுதுறுக்குது, எவன் காலப் பிடிக்க வர்றான்னு பாக்கறதுக்குத்தான் அது. மாட்டாம வந்தாலே போதும்."

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. உலகச் சாம்பியன்ஷிப் மேட்சுகளில் முதல் ஆட்டம் பல தடவை இப்படித்தான் போயிருக்கிறது. 2012இல் மாஸ்கோவில் ஆனந்தும் போரிஸ் கெல்ஃபாண்டும் ஆடிய முதல் ஆட்டம் 24 நகர்த்தலில் டிரா. ஆனந்தும் காஸ்பரோவும் 1995இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் மோதியபோது முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார், பத்தாவதிலேயே காஸ்பரோவ் திருப்பிக் கொடுத்தார், அதற்குப் பிறகு மேட்ச் ஒருபக்கமாகச் சரிந்தது. டிராக்களைப் பற்றிப் பேசும்போது 1984ஐ விட முடியாது. கார்ப்போவும் காஸ்பரோவும் ஆடிய அந்த மேட்சில் டிராவுக்கு மதிப்பே இல்லை. ஆறு வெற்றி எடுப்பவர்தான் சாம்பியன். மாதக்கணக்கில் நீண்டு 48 ஆட்டம் ஆடினார்கள், அதில் 40 டிரா. கார்ப்போவ் 5, காஸ்பரோவ் 3 என்றிருக்கும்போது, 1985 பிப்ரவரியில், முடிவில்லாமலே மேட்ச் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு மறுபடி இத்தனை ஆட்டம், இத்தனை புள்ளி என்று எல்லை கட்டினார்கள்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு டிரா பண்றாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்படியும் நடக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நடந்தது அது இல்லை. சண்டை நடந்தது, சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

பிற்பாடு ஒரு விஷயம் கவனித்தேன். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே நவம்பர் 9ஆம் தேதி, லண்டனில் கார்ல்சன் மீண்டும் ஒரு சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தை ஆடினார். எதிரே ஃபாபியானோ கருவானா. இந்தத் தடவை கார்ல்சன் கறுப்பு. நடுவில் கருவானாவின் கடிகாரத்தில் நேரம் வற்றிக்கொண்டிருந்தது, கார்ல்சனுக்கு ஜெயிக்கும் வாய்ப்பு வந்தது, நழுவியது. அப்புறமும் விடாமல் யானையையும் சிப்பாய்களையும் வைத்து அழுத்திப் பார்த்தார். மொத்தம் ஏழு மணி நேரம். 115 நகர்த்தல். முடிவு டிரா. பட்டியலில் சென்னை ஆட்டத்துக்கும் லண்டன் ஆட்டத்துக்கும் பக்கத்தில் இருப்பது அதே அரை. ஆனால் லண்டனில் கருவானா தப்பிப் பிழைத்தவராக எழுந்திருப்பார், கார்ல்சன் கையில் வந்ததை விட்டவராக. அந்த மேட்சில் 12 ஆட்டமும் டிராவாகி, வேக ஆட்டங்களில்தான் கார்ல்சன் பட்டத்தைக் காப்பாற்றினார்.

சென்னைக்கு வருகிறேன். அன்று டீக்கடையில் நான் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தேன். ஆனந்த் அவரைக் கட்டிப்போட்டுவிட்டார், பையனுக்குச் சூழ்நிலை பிடிக்கவில்லை, இனி நம் கை ஓங்கும் என்று சித்தப்பாவிடம் அடித்துச் சொன்னேன். பலகையில் நடந்ததைச் சரியாகத்தான் படித்திருந்தேன். ஆட்களைப் படித்ததில்தான் தவறிவிட்டேன். வாழ்க்கையின் முதல் சாம்பியன்ஷிப் மேட்சுக்கு வருகிற இளைஞனுக்கு, பதற்றமான முதல் நாளை அடிபடாமல் கடந்ததே ஒரு லாபம். அடுத்த நாள் இரண்டாவது ஆட்டமும் 25 நகர்த்தலில் டிராவானது. அதில் வெள்ளை ஆனந்துக்கு. அந்த வெள்ளையும் வீணாயிற்று, கணக்கு நேரானது. மூன்றாவதும் நான்காவதும் நீண்ட டிராக்கள். ஐந்தாவதில், பெரிதாக எதுவும் இல்லாத ஒரு முடிவாட்டத்தைக் கறந்து கறந்து கார்ல்சன் ஜெயித்தார். ஆறாவதையும் அப்படியே. ஒன்பதாவதில் ஆனந்த் எல்லாவற்றையும் ராஜா மேல் பாய்ச்சினார். 28ஆவது நகர்த்தலில் மந்திரியை வைத்து மறைக்க வேண்டிய இடத்தில் குதிரையை வைத்தார், அத்தோடு அந்த ஆட்டமும் போயிற்று. அந்த 28ஆவது நகர்த்தல் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

நவம்பர் 22ஆம் தேதி இரவு கும்பகோணத்திலிருந்து போன் வந்தது.

"ஏன்டா, இன்னைக்கும் டிராதானே? 65 நகர்த்தல் ஆடி டிரான்னு நியூஸ்ல சொல்றான். அப்புறம் எப்படி ஆனந்த் தோத்துட்டார்ங்கிறான்?"

நான் கணக்கைச் சொன்னேன். ஒன்பது ஆட்டத்தில் கார்ல்சனுக்கு மூன்று வெற்றி, ஆறு டிரா, ஆக ஆறு புள்ளி. பட்டத்துக்கு ஆறரை வேண்டும். பாக்கி அரைதான். அந்த அரையைத்தான் இன்றைக்கு எடுத்தார்.

மறுமுனையில் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு பிஸ்கட்ட வச்சுக் காட்டினியே, அதே அரையா?" என்றார்.

"அதே அரைதான் சித்தப்பா."