மூன்று சகோதரிகளும் ஒரு பழிச்சொல்லும்

பதின்ம வயதினர் விரும்பிப் படிக்கும் நூல்களுள் மாயாஜாலப் புதினங்களுக்குத் தனி இடம் உண்டு. பள்ளி நூலகங்களில் அடிக்கடி இரவல் பெறப்படும் நூல்களில் இவையும் அடங்கும். மந்திரமும் மாயமும் நிறைந்த இக்கதைகள் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியவை எனச் சிலர் கருதுவர். ஆயினும், நல்ல மாயாஜாலக் கதை, அன்றாட வாழ்வில் நேரடியாகக் கேட்கத் தயங்கும் வினாக்களைக் கதைமாந்தர் வழியாகக் கேட்கிறது. நம் அன்புக்குரியவரைக் காப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் இடையே உள்ள எல்லை எது? உடன்பிறந்தவர்மீது ஊரே பழி சுமத்தும்போது என்ன செய்வது? இவ்விரு வினாக்களையும் மையமாகக் கொண்டு எழுதப்பட்ட ஒரு புதினத் தொடரையும், அதற்குப் பின்னணியாக உள்ள வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காஹில் சகோதரிகளின் கதை

அமெரிக்க எழுத்தாளர் ஜெசிகா ஸ்பாட்ஸ்வுட் எழுதிய ‘தி காஹில் விட்ச் கிரானிக்கல்ஸ்’ மூன்று பாகங்களைக் கொண்டது. ‘பார்ன் விக்கட்’ 2012-இலும், ‘ஸ்டார் கர்ஸ்ட்’ 2013-இலும், ‘சிஸ்டர்ஸ் ஃபேட்’ 2014-இலும் வெளிவந்தன. கதை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் நடக்கிறது. ஆனால், இது வரலாற்று நூல்கள் கூறும் நியூ இங்கிலாந்து அன்று. மந்திர ஆற்றல் பெற்ற பெண்கள் ஒரு காலத்தில் அங்கே ஆட்சி செய்தனர் என்றும், பின்னர் ‘சகோதரர் சபை’ என்னும் ஆண்களின் சமய அமைப்பு அவர்களை வீழ்த்தி ஆட்சியைக் கைப்பற்றியது என்றும் ஆசிரியர் கற்பனை செய்கிறார்.

அச்சபையின் ஆட்சியில் பெண்களுக்குக் கட்டுப்பாடுகள் பல. பதினேழு வயதை எட்டும் ஒவ்வொரு பெண்ணும் திருமணம் செய்துகொள்ள வேண்டும். அல்லது ‘சகோதரியர் மடம்’ என்னும் துறவு அமைப்பில் சேர வேண்டும். மந்திர ஆற்றல் இருப்பதாக ஐயத்திற்கு ஆளாகும் பெண்கள் மனநலக் காப்பகத்திலோ சிறைக் கப்பலிலோ அடைக்கப்படுவர். இத்தகைய ஊரில், தாயை இழந்த கேட், மௌரா, டெஸ் என்னும் மூன்று சகோதரிகள் வாழ்கின்றனர். மூவருக்கும் மந்திர ஆற்றல் உண்டு. அது வெளியே தெரிந்தால் குடும்பமே அழிந்துவிடும்.

மூத்தவளான கேட், தங்கைகளைக் காப்பதாகத் தாயின் மரணப் படுக்கையில் வாக்குக் கொடுத்தவள். அந்த வாக்கே அவளுடைய வலிமை. அதுவே அவளுடைய சுமையும் ஆகும். ஆற்றலை மறைத்து வைத்தால்தான் பிழைக்கலாம் என்பது அவளுடைய முடிவு. நடுத்தங்கை மௌராவோ ஆற்றலை வெளிப்படையாகப் பயன்படுத்த விரும்புகிறாள். அக்காவின் எச்சரிக்கை ஒவ்வொன்றும் அவளுக்குத் தடையாகத் தோன்றுகிறது. கடைக்குட்டி டெஸ் இருவருக்கும் இடையே நின்று, இருவரையும் இழக்காமல் இருக்கப் பாடுபடுகிறாள். ஒரே வீட்டில் வளர்ந்த மூவரும் ஒரே ஆபத்தை மூன்று விதமாகப் பார்க்கின்றனர். இதுவே கதைக்கு உயிரூட்டுகிறது.

காப்பதும் கட்டுப்படுத்துவதும்

இக்கதையில் வரும் மந்திரங்களுள் மிகவும் அஞ்சத்தக்கது பிறர் மனத்தை மாற்றும் ஆற்றல். அதைக் கொண்டு ஒருவருடைய நினைவை அழிக்கலாம், விருப்பத்தையும் வளைக்கலாம். சகோதரர் சபை இவ்வாற்றலைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால், ஆசிரியர் அத்தோடு நின்றுவிடவில்லை. அன்பின் பெயரால் இதைப் பயன்படுத்தினால் அது சரியாகுமா என்று கேட்கிறார். ஒருவரைத் துன்பத்திலிருந்து விடுவிக்க அவருடைய நினைவை அழிப்பது உதவியா, களவா?

மந்திரம் இல்லாத வீடுகளிலும் இவ்வினா எழுவதுண்டு. தங்கையின் நன்மைக்காக என்று சொல்லி அவளுக்கு வரும் செய்தியை மறைக்கும் அக்காவும், தம்பியைக் கேட்காமலே அவனுக்காக முடிவெடுக்கும் அண்ணனும் அன்பில்லாதவர்கள் அல்லர். ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்பது பழமொழி. உறவின் பாசம் அத்தகையது. ஆயினும், பாசம் மிகுதியாக இருக்கும் இடத்தில்தான் எல்லை மீறுவதும் எளிதாகிறது. ஒரு சகோதரி மற்றொரு சகோதரியைக் கொல்வாள் என்று கதையில் ஒரு முன்னறிவிப்பு வருகிறது. அதைக் கேட்ட நாள்முதல் மூவரும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்குகின்றனர். வெளியிலுள்ள பகையைவிட அந்த ஐயமே அவர்களைப் பிரிக்கிறது.

வரலாற்றில் மூன்று சகோதரிகள்

கற்பனைக் கதைக்குக் களமான நியூ இங்கிலாந்தில், 1692-இல், சூனியக்காரர் என்னும் பழி உண்மையாகவே பலருடைய உயிரைப் பறித்தது. மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள சேலம் என்னும் சிற்றூரில் சில சிறுமியர் திடீரெனக் கத்தினர். கை கால்கள் முறுக்கித் துடித்தனர். சூனியமே காரணம் என ஊரார் நம்பினர். சில மாதங்களுக்குள் 150-க்கும் மேற்பட்டோர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பதினான்கு பெண்களும் ஐந்து ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். முதியவர் ஒருவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். சிறையிலேயே இறந்தவர்களும் உண்டு.

குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி, சாரா கிளாய்ஸ் ஆகிய மூவர் உடன்பிறந்த சகோதரிகள். எழுபத்தொரு வயதான ரெபெக்கா, ஊராரின் மதிப்பைப் பெற்றவர். அவருடைய நல்லொழுக்கத்திற்குச் சான்றளித்து அண்டை அயலார் ஏறத்தாழ 40 பேர் மனுவில் கையொப்பமிட்டனர். நடுவர் குழுவும் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றே அறிவித்தது. ஆனால், நீதிபதிகள் அம்முடிவை மறுபடி ஆராயச் சொன்னார்கள். செவித்திறன் குறைந்திருந்த ரெபெக்கா, தம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு விடையளிக்கவில்லை. அந்த மௌனம் அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்பட்டது. 1692 ஜூலை 19 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

ரெபெக்கா சிறைப்பட்ட பின்னர், ஒருநாள் தேவாலய உரை தம் அக்காவைக் குத்திக்காட்டுவதாக உணர்ந்த சாரா, பாதியிலேயே எழுந்து வெளியேறினார். சில நாள்களில் அவர்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் மேரியும் கைதானார். சிறையிலிருந்த மேரியும் சாராவும் இணைந்து நீதிமன்றத்திற்கு மனு எழுதினர். தங்களை நன்கு அறிந்தவர்களின் சாட்சியத்தையும் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய வேண்டுகோள்களுள் ஒன்று. மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு மேரி தனியாக மற்றொரு மனுவும் எழுதினார். அதில் அவர் தம் உயிருக்காக மன்றாடவில்லை. இனியேனும் குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தக்கூடாது என்றே வேண்டினார். செப்டம்பர் 22 அன்று அவரும் தூக்கிலிடப்பட்டார். அன்று மாண்டவர்களுக்குப் பின் சேலத்தில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. மூவருள் சாரா மட்டுமே உயிர் பிழைத்தார்.

இச்சகோதரிகளிடம் மந்திர ஆற்றல் எதுவும் இருக்கவில்லை. ஒருவர் பழிக்கப்பட்டபோது மற்றவர் விலகி நின்று தம்மைக் காத்துக்கொள்ளவில்லை என்பதே அவர்களுடைய பெருமை.

சொல்லின் சுமை

சாட்டிய பழியைத் திரும்பப் பெற நெடுங்காலம் ஆயிற்று. குற்றம் சாட்டிய சிறுமியருள் ஒருவரான ஆன் புட்னம், 1692-இல் ஏறத்தாழ பன்னிரண்டு வயதினர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1706-இல், தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் அவர் மன்னிப்புக் கோரினார். ரெபெக்காவுக்கும் அவருடைய இரு சகோதரிகளுக்கும் தாம் இழைத்த தீங்கை அவர் குறிப்பாகச் சுட்டினார். 1711-இல் பலருடைய பெயர்கள் சட்டப்படி களங்கம் நீக்கப்பட்டன. குடும்பங்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. ஆயினும், விடுபட்டுப்போன எலிசபெத் ஜான்சன் என்பவரின் பெயர் 2022-இல்தான் சட்டத்தின் வழி களங்கம் நீங்கியது. ஒரு நொடியில் சொல்லப்பட்ட சொல்லை முழுமையாக நீக்க 330 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றை அறிந்தபின் காஹில் சகோதரிகளின் கதையைப் படிப்பவர், அதை வேறு கண்கொண்டு பார்ப்பார். சகோதரர் சபை வெறும் கற்பனைப் பகைவராகத் தோன்றாது. மந்திரத்தின் வியப்பைக் காட்டிலும், யார் யாரை நம்புகின்றனர், யார் யாருக்காகப் பேசுகின்றனர், யார் மௌனம் காக்கின்றனர் என்பதில் அவருடைய கவனம் செல்லும். கேட் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் தங்கைகளின் விருப்பத்திற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அவர் எண்ணிப் பார்ப்பார்.

வகுப்பிலோ நண்பர்களின் கைப்பேசிக் குழுவிலோ ஒரு மாணவருக்குப் பட்டப்பெயர் சூட்டுவது இன்றும் எளிதாகவே உள்ளது. அப்பெயர் பரவும் வேளையில், அவரை நன்கு அறிந்த ஒருவர் முன்வந்து பேசினால் நிலைமை மாறக்கூடும். மேரியும் சாராவும் நீதிமன்றத்தில் கேட்டதும் அவ்வாய்ப்பைத்தான்.